மனிதக் கை படாத மூர் நிலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்கா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மூர் என்றால் மரமில்லாத, புதர் மூடிய மேட்டுநிலம். படம் அருமை. ஆகஸ்டில் ஹெதர் என்ற குறும்புதர் பூத்தால் மேடு முழுக்க அந்த ஊதா நிறம்தான், மிகையே இல்லை. ஆனால் "மனிதக் கை படாத இயற்கை, தனியாகப் போய்த் தொலைந்து போங்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மிடில்ஸ்பரோவில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி என்பதால் அந்த மேட்டில் தனியாகத்தான் நடக்கிறேன்.

காசல்டன் மூர் ஸ்டேஷனில் இறங்கி, ரால்ஃப் சிலுவை என்ற பழைய கல் சிலுவைக்கு ஏறி, மேட்டின் குறுக்கே டிரஃப் ஹவுஸ் என்ற கல் குடில் வழியாக நடந்து, மாலையில் கிளெய்ஸ்டேலில் ரயில் பிடிப்பது எனக்குப் பிடித்த தடம். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். அந்தத் தேசியப் பூங்காவின் உச்சியே 454 மீட்டர்தான். பயப்பட வேண்டியது மூடுபனிக்கு. வட கடலிலிருந்து அது ஏறி வந்துவிட்டால், மரமே இல்லாத அந்த மேட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஹெதர், ஒரே கருப்புச் சேறு. பல இடங்களில் போனில் சிக்னலும் கிடையாது.

அப்போது வழி காட்டுவது மனிதக் கை வைத்துவிட்டுப் போனவைதான். ரால்ஃப் சிலுவையும் அது போன்ற மற்றக் கற்களும் வழிப்போக்கர்களுக்காகவே மேட்டின் மேல் நிற்கின்றன. ரால்ஃப் சிலுவைதான் பூங்காவின் சின்னம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் 'ஃபேட் பெட்டி': குட்டையான கல், மேலே வெள்ளையடித்த உருண்டைத் தலை. வருகிறவர்கள் அதனடியில் ஏதாவது தின்பண்டம் வைப்பார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். சாக்லேட், பிஸ்கட், சில சமயம் நசுங்கிய ஆப்பிள். நான் கடலை மிட்டாய் வைப்பேன். யார் எடுக்கிறார்களோ, ஆடுதான் தின்கிறதோ, தெரியாது.

அந்த ஊதா நிறத்துக்கே மனிதன்தான் காரணம். வெண்கலக் காலத்திலேயே இங்கே காட்டை அழித்து உழுதிருக்கிறார்கள்; மண் சத்திழந்து அமிலமாகிப்போக, ஹெதர் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய புதைமேடுகள் இன்றும் முகடுகளில் இருக்கின்றன. கிரௌஸ் என்ற பறவையைச் சுடுவதற்காக இப்போதும் குளிர்காலத்தில் ஹெதரைப் பட்டை பட்டையாகக் கொளுத்துகிறார்கள்: இளந்தளிர் பறவைக்குத் தீனி, முற்றிய புதர் கூட்டுக்கு. இது சரியா என்று இங்கே பெரிய சண்டையே நடக்கிறது; எனக்கும் அந்தப் புகை பிடிப்பதில்லை. சுடும் பருவம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. பூப் பார்க்க நீங்கள் வரச் சொன்ன அதே வாரங்கள்! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ரோஸ்டேல் பள்ளத்தாக்கின் விளிம்பில், கோடு கிழித்தது போல ஒரு சமதளம் வளைந்து போகும். 1861-இல் இரும்புக் கல்லை ஏற்றிச்செல்லப் போட்ட ரயில் பாதை அது. 1929-இல் மூடினார்கள். இன்று நடப்பவர்களுக்கு அதைவிடச் சுகமான வழி கிடையாது.

நடக்கும் உரிமையும் தானாக வந்ததல்ல. பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டில் 1932-இல் தடையை மீறி நடந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். வரைபடத்தில் குறித்த மூர் நிலங்களில் யாரும் காலாற நடக்கலாம் என்ற சட்டம் 2000-இல்தான் வந்தது. இப்போதும் நில உடைமையாளர் ஆண்டுக்கு 28 நாள் வரை மூடி வைக்கலாம். பொதுப்பாதைகளை மட்டும் அப்படி மூட முடியாது. என்னைப் போல வெளியூர்க்காரி ஒருத்தி, பண்ணைக்காரர் முற்றத்தின் வழியாகவே தலை நிமிர்ந்து நடக்க முடிவது இந்தப் பொதுப்பாதை உரிமையால்தான்.

தனியாகப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பெண்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் தொலைந்து போகச் சொல்லாதீர்கள். தொலைந்தவர்களைத் தேடி இரவில் மேடேறுபவர்கள், சம்பளம் வாங்காத மலைமீட்புத் தொண்டர்கள்.

அந்தக் கட்டுரையை இணையத்தில் விட்டுவைப்பதாக இருந்தால் தயவுசெய்து இவற்றைச் சேருங்கள்: ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற நில அளவை நிறுவனத்தின் வரைபடங்கள் (எண் ஓஎல் 26, ஓஎல் 27), திசைகாட்டி, ஆபத்தில் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலைமீட்புக் குழு என்று கேட்க வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில். எஸ்க் பள்ளத்தாக்கு ரயில் நாளுக்குச் சில தடவைதான் வரும் என்பதையும் எழுதுங்கள். கடைசி வண்டியை விட்டால் கிளெய்ஸ்டேலில் டாக்சிக்கு அலைய வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மிடில்ஸ்பரோ