கூடைப்பந்து அணித் தேர்வு பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிக் கூடைப்பந்து அணியின் பட்டியல் ஒட்டியதிலிருந்து, அதில் பெயர் வராத பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஃபோன் வந்தபடியே இருக்கிறது. உயரம் போதவில்லையா, இனிமேல் படிப்பை மட்டும் பார்க்கச் சொல்லிவிடலாமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். வேண்டாம், அதற்குள் முடிவு கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி, அவர்கள் வயதில் எந்தப் பெரிய கல்லூரியின் கண்ணிலும் படாத பையன். அப்பா டெல் கரி அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் ஆடியவர், ஆனால் மகன் குள்ளம், ஒல்லி. உடம்பில் பலம் போதாததால் பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து தூக்கி எறிவார், உயரமானவர்கள் சுலபமாகத் தடுத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் தலைக்கு மேலிருந்து எறியும்படி அப்பா அதை அடியோடு மாற்ற வைத்தார். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த ஷாட்டும் போனது, தூரத்திலிருந்து போடவே முடியாமல் பையன் தவித்த கோடை அது. அன்று யாராவது வந்து அவரைப் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் பெயர் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளி முடிந்ததும் பெற்றோர் படித்த வர்ஜீனியா டெக்கிலேயே ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை, வேண்டுமானால் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அவர் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார், 2,000 மாணவர்கள்கூட இல்லாத இடம். 2006 நவம்பரில் கல்லூரிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 13 தடவை பந்தைப் பறிகொடுத்தார். எந்தக் கோச்சுக்கும் கோபம் வரும் எண்ணிக்கை அது. ஆனால் டேவிட்சன் கோச் பாப் மெக்கிலப் மறுநாளும் அவரையே முதல் ஐவரில் இறக்கினார், மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக அவர் 32 புள்ளிகள் எடுத்தார். எனக்கு இந்தக் கதையில் அந்த 32 புள்ளிகளைவிட அந்தக் கோச் பெரிதாகத் தெரிகிறார். நம் கோச்சிடமும் அதைத்தான் கேட்டிருக்கிறேன்: ஒரு ஆட்டத்தில் சொதப்பிய பிள்ளையை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

மீதியைப் பிள்ளைகளே சொல்வார்கள். 2008 கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் கொன்சாகா அணிக்கு எதிராக 40 புள்ளிகள், கடைசி எட்டு அணிகள் வரை வந்து கேன்சஸ் அணியிடம் 59-57 என்று தோற்றது, 2009இல் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ தேர்வில் வாரியர்ஸ் அணி அவரை ஏழாவது ஆளாக எடுத்தது எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

படிப்பு கெடுமே என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று. டிகிரியை முடிக்காமல்தான் கரி என்பிஏவுக்குப் போனார். ஒரு வீரரின் ஜெர்சி எண்ணை அதன்பின் வேறு யாருக்கும் கொடுக்காமல் அதற்கு விடை கொடுக்கும் மரியாதையை, பட்டம் பெறாதவருக்கு டேவிட்சன் செய்வதில்லை, உலகப் புகழ் பெற்ற பிறகும் அந்த விதியை அவருக்காகத் தளர்த்தவில்லை. 2022இல் பாக்கிப் பாடங்களை அவர் முடித்தார், அப்புறம்தான் அந்த மரியாதை நடந்தது. அவருடைய அம்மா சோன்யாவும் பள்ளி நடத்தியவர், பாத்திரம் கழுவவில்லை என்பதற்காக மகனை ஒரு ஆட்டத்துக்கே போக விடாதவர். உங்கள் வீட்டிலும் அப்படிக் கண்டிப்பாக இருங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் மதிப்பெண் குறைந்தது என்று விளையாட்டையே மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இனி நடக்கப்போவது இது. அணியில் இடம் கிடைக்காதவர்களும் சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு வரலாம், அதே கோச், அதே மைதானம். பருவத்தின் நடுவில் மறுபடியும் தேர்வு வைப்போம். ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து “ஷூட் பண்ணு, பாஸ் பண்ணு” என்று கத்த வேண்டாம், கோச் சொல்வது பிள்ளையின் காதில் விழ வேண்டும். கோச்சிடம் பேச வேண்டுமானால் பயிற்சி முடிந்த பிறகு வாருங்கள், அந்த நேரத்தில் நானும் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்