லாயத்துக்குத் தீ வைத்தது யார்?

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதமும் போட்டோவும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. போட்டோவைப் பார்த்ததும் அடுப்பில் வைத்த பாலையே மறந்துவிட்டேன். ஹோல்ஸ்டென்ஸ் கடைக்கே போய்விட்டாயா! நியூஜெர்சி எடிசனுக்குக் குடிபோய் இத்தனை வருஷம் கழித்து, ஒருவழியாகப் புளூம்ஃபீல்ட் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய், ‘தி சோப்ரானோஸ்’ டிவி தொடரின் மாஃபியா தலைவன் டோனி சோப்ரானோ கடைசிக் காட்சியில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, வெங்காய வளையமும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாய். அந்தப் பழைய மேசையையும் இருக்கையையும் 2024 மார்ச்சில் ஏலம் விட்டுவிட்டார்கள், 82,600 டாலருக்குப் போனது என்று இங்கே செய்தியில் படித்தேன். நீ உட்கார்ந்தது புதிதாகப் போட்ட இருக்கையாகத்தான் இருக்கும். இருந்தால் என்ன, கதவு அதே கதவுதானே.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிக்கு ஏறிப்போய் வடாம் காயப்போடும் அளவுக்குத் தேறிவிட்டார். மதுவுக்கு பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது. வீட்டில் டிவி சத்தமே கிடையாது. அதனால் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘தி சோப்ரானோஸ்’ தொடரை முதலிலிருந்து பார்த்து வருகிறேன். மொத்தம் 86 பகுதிகள். நேற்றோடு முடித்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

ஹாஸ்டலில் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? பர்மா பஜார் டிவிடி, உன் லேப்டாப், பத்து மணிக்கு வார்டன் விளக்கை அணைத்த பிறகு ஒரே போர்வைக்குள் இரண்டு பேர். திடீரென்று திரை கறுத்ததும், டிஸ்க்கில் கீறல் என்று நீ அதை வெளியே எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டாய். மூன்று தடவை. 2007 ஜூன் 10 அன்று அமெரிக்காவில் அது ஒளிபரப்பானபோதும் கேபிள் போய்விட்டது என்றுதான் நிறையப் பேர் பதறினார்களாம். பத்து விநாடி வெறும் கறுப்பு. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் அதற்குப் பிறகு பெயர்கள்கூட ஓடக் கூடாது, கறுப்பு அப்படியே நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இயக்குநர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இது. டோனி செத்துவிட்டான் என்றாய் நீ. இல்லை, குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்றேன் நான். இத்தனை வருஷம் என் பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், நீ சொன்னதுதான் சரி.

நேற்று அந்தக் காட்சியை மட்டும் ஐந்து முறை பார்த்தேன். கதவு மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், அடுத்த ஷாட்டில் அவன் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரிகிறது. அவன் மனைவி கார்மெலா வரும்போது அப்படித்தான். மகன் ஏ.ஜே. வரும்போது, அவனுக்கு ஓரடி முன்னால் ‘மெம்பர்ஸ் ஒன்லி’ என்ற பிராண்ட் ஜாக்கெட் போட்ட அந்த ஆள் நுழையும்போதும் அப்படித்தான். வெளியே மகள் மெடோ காரை நிறுத்தத் திண்டாடுகிறாள். உள்ளே அந்த ஆள் எழுந்து டோனியைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகிறான். மெடோ தெருவைத் தாண்டி ஓடி வருகிறாள். மணி அடிக்கிறது. டோனி நிமிர்கிறான். அடுத்து அவன் கண்ணுக்குத் தெரிவதுதான் வர வேண்டும். வருவது கறுப்பு. அந்த வரிசையை மனசில் வைத்துப் பார்த்தால் வேறு விதமாகப் படிக்க எனக்கு இடமே இல்லை. படகில் உட்கார்ந்து டோனியின் அக்கா கணவன் பாபி சொல்வானே, அது, அதாவது சாவு, நடக்கும்போது சத்தம்கூடக் கேட்காதோ என்னவோ என்று. கடைசிக்கு முந்தின பகுதியில் அதை இன்னொரு தடவை காட்டுகிறார்கள். சும்மா காட்டவில்லை.

அந்த ஜாக்கெட்காரன் யார் என்பதில் எத்தனை கதை கட்டினார்கள்! டோனியின் எதிரி ஃபில் லியோடார்டோவின் சகோதரன் மகன் என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் சுற்றியது. பாத்திரப் பட்டியலில் அவனுக்குப் பெயரே இல்லை, ‘மெம்பர்ஸ் ஒன்லி ஜாக்கெட் போட்டவர்’ என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஆறாவது சீசனின் முதல் பகுதிக்குத் தலைப்பே ‘மெம்பர்ஸ் ஒன்லி’. அதன் முடிவில்தான் டோனியைப் பெரியப்பா ஜூனியர் சுடுகிறார். இந்த முடிச்சை மட்டும் நான் நம்புகிறேன்.

சேஸும் நேராகப் பேசியவர் இல்லை. 2014-ல் டோனி சாகவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு கட்டுரை வந்தது, உடனே அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள், செத்தானா பிழைத்தானா என்பதே விஷயம் இல்லை என்று அறிக்கை விட்டார். 2021-ல் ஒரு பேட்டியில் இன்னும் கொஞ்சம் திறந்தார். முதலில் அவர் மனசில் இருந்தது, டோனி லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நியூயார்க்குக்குத் திரும்பிப் போய் அங்கே சாவது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதே சுரங்கத்திலிருந்து வெளியே வந்து நியூஜெர்சிக்கு வீடு திரும்புகிறான் அல்லவா, அதைத் திருப்பிப் போடுவது. எனக்கு இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நீ தினமும் போய்வரும் பாதை வேறு.

சரி, இந்த வழக்கு முடிந்தது. இதற்கு ஆதாரம் இருக்கிறது. காட்டில் ஓடிப்போன அந்த ரஷ்யன் வலேரி என்ன ஆனான் என்பதில் எனக்கு இப்போது ஆர்வமே இல்லை. பனியில் டோனியின் ஆட்கள், ஒற்றை ஷூவோடு பாலியும் கூடவே கிறிஸ்டோஃபரும், கெட்சப் பொட்டலத்தைப் பிதுக்கிச் சாப்பிட்டதுதான் அந்தப் பகுதி. கிறிஸ்டோஃபரின் காதலி அட்ரியானாவைச் சுட்ட விஷயத்தில்தான் நாம் ரொம்பக் கஷ்டப்பட்டோம். சருகில் தவழ்ந்து அவள் ஷாட்டை விட்டு வெளியே போய்விடுகிறாள், கேமரா பின்னால் போகவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. உடலைக் காட்டவில்லையே, உயிரோடு இருப்பாள் என்று நீ ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் மறுக்கவில்லை. அது ஆராய்ச்சி இல்லை விஜி, வேண்டுதல்.

ஆனால் இந்தத் தடவை என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. குதிரை.

நான்காவது சீசனில், 2002-ல் வந்த பகுதி. டோனி உயிராக நினைக்கும் பை-ஓ-மை என்ற பந்தயக் குதிரை லாயத்தில் தீப்பிடித்துச் செத்துப்போகிறது. குதிரை டோனியின் கும்பலைச் சேர்ந்த ரால்ஃபுடையது, இன்ஷூரன்ஸ் பணம் அவனுக்கு வரும். அம்பு பாய்ந்து அவன் பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், செலவு இருக்கிறது. டோனி அவன் வீட்டுக்குப் போகிறான். ரால்ஃப் அவனுக்காக முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறான். அடுப்பில் வாணலி, கையில் கரண்டி. நீதான் வைத்தாயா என்கிறான் டோனி. இல்லை என்கிறான் ரால்ஃப். அதோடு நிறுத்தாமல், வைத்திருந்தால்தான் என்ன, நீ மாட்டிறைச்சி சாப்பிடாதவனா என்கிற மாதிரி பேசுகிறான். அவ்வளவுதான். சில நிமிஷத்தில் அந்தச் சமையலறைத் தரையில் ரால்ஃப் பிணமாகக் கிடக்கிறான்.

அவன் வைத்தானா? நான் இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்துவிட்டேன். ரால்ஃப் எதற்கும் அஞ்சாதவன், பணத்துக்காகக் குதிரையைக் கொளுத்தக்கூடியவன்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் அவன் ரால்ஃபாகவே இல்லை. பாதிரியாரிடம் போய் அழுகிறான், பையன் படுக்கையை விட்டு நகர மாட்டேன் என்கிறான். மகன் அப்படிக் கிடக்கும்போது உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் கணக்குப் போடுவானா என்று ஒரு மனசு. அப்போதுதானே பணம் வேண்டும் என்று இன்னொரு மனசு. லாயத்தில் நடந்ததைத் தொடர் நமக்குக் காட்டவே இல்லை. கதைக்குள் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தத் தரையிலேயே போய்விட்டான். டோனிக்கும் கடைசிவரை தெரியாது. நமக்குத் தெரிந்ததுதான் அவனுக்கும் தெரியும். நாம் போர்வைக்குள் உட்கார்ந்து கட்டிய மாதிரிதான் அவனும் நாலு துண்டை வைத்து ஒரு முடிவு கட்டினான். நாம் சண்டை போட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம். அவன் கழுத்தை நெரித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை முன்பு நாம் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ரால்ஃபை அடித்துக்கொண்டே டோனி கத்துவதை உற்றுக் கேள். அவள் எவ்வளவு அழகான, ஒன்றும் அறியாத ஜீவன், உன்னை அவள் என்ன செய்தாள், அவளைக் கொன்றுவிட்டாயே என்கிறான். குதிரை பெட்டைதான், சரி. ஆனால் போன சீசனில் இதே ரால்ஃப், டோனியின் ஆட்கள் கூடும் பாடா பிங் நடன கிளப்புக்கு வெளியே ட்ரேசி என்ற அந்தச் சின்னப் பெண்ணை அடித்தே கொன்றானே? அப்போது டோனியால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை, நாலு அடியோடு சரி. இந்தக் கொலையெல்லாம் முடிந்து, அதே பகுதியின் கடைசியில் டோனி பாடா பிங்கில் விழித்தெழுந்து, பெண்கள் உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நிற்கிறான். கண்ணாடியில் செருகியிருக்கும் படங்களில் ஒன்று ட்ரேசியுடையது.

அதைப் பார்த்ததும் வீடியோவை நிறுத்திவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன். அந்தப் பெண்ணுக்காக யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அன்றைக்கு ஹாஸ்டலில் நீ அழுதாய். ஒரு வருஷம் கழித்து டோனி கேட்டிருக்கிறான், குதிரையின் பெயரைச் சொல்லி. அது அவனுக்கே தெரியுமா என்பதுதான் எனக்கு இப்போது பெரிய மர்மம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நேரம் கிடைத்தால் அந்தப் பகுதியை மட்டும் போட்டுப் பார். டோனி “நீதானா?” என்று கேட்கும் இடத்தில் ரால்ஃபின் முகத்தை மட்டும் கவனி. கை முட்டையில்தான் இருக்கும், முகத்தில் ஒரு விநாடி ஏதோ வந்து போகிறது. எனக்கு ஒரு தடவை குற்றம் மாதிரி தெரிந்தது, மறுதடவை மனம் புண்பட்ட மாதிரி தெரிந்தது. உனக்கு என்ன தெரிகிறது என்று எழுது.

அப்புறம், அம்மா உனக்காகக் கொஞ்சம் வடாம் எடுத்து வைத்திருக்கிறார். பங்குனியில் உன் தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மல்லிகா