காத்தும் காற்றும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு பொண்ணு லீவ் லெட்டர் கொண்டு வந்துச்சு. எந்த வகுப்புன்னு சொல்ல வேணாம். காய்ச்சலா இருந்ததால பல்லிக்கு வர முடியலன்னு எழுதியிருந்துச்சு, பள்ளிக்குன்னு எழுத வேண்டியது. பக்கத்துல இருந்த பசங்க எட்டிப் பாத்துட்டு சத்தமா சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு போர்டுல வந்து எழுதுன்னு சொன்னா எந்திரிக்கவே மாட்டேங்குது, நல்லா கதை சொல்ற பொண்ணு, வாயத் திறந்தா வகுப்பே அமைதியாயிடும், ஆனா இப்ப பேனாவ எடுக்கவே பயப்படுது. அன்னைக்கு சிரிச்ச பசங்களோட நோட்டையும் வாங்கிப் பாத்தேன், அதுல இதவிட கூடுதல் பிழை இருந்துச்சு.

உங்கள்ல பல பேர் என்கிட்ட வந்து, டீச்சர் தப்பா எழுதுனா அம்பது தடவ எழுத வைங்க, ரெண்டு அடி வேணா போடுங்கன்னு சொல்றீங்க. அக்கறையில தான் சொல்றீங்க, எனக்குப் புரியுது. ஆனா பிள்ளை ஏன் தப்பா எழுதுதுன்னு நாம மொதல்ல பாக்கணும், அத நான் இத்தனை வருஷமா நோட்டு திருத்துறதுல பாத்ததுலேர்ந்து சொல்றேன்.

முக்காவாசிப் பிழை காதுல விழுந்தத அப்படியே எழுதுறதால வர்றது. நாம வீட்ல காத்து வீசுதுன்னு சொல்றோம், புத்தகத்துல காற்றுன்னு இருக்கு. பாத்துப் போன்னு சொல்றோம், எழுதும்போது அது பார்த்து. முத்துன்னு சொன்னா மட்டும் அது முத்து தான். மூணும் வாயில ஒரே மாதிரி தான் வருது, ஆனா எழுத்துல மூணும் வேற வேற, இது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இன்னொன்னு பாருங்க, காசு சேத்து வச்சேன்னா சேர்த்து, சேத்துல கால வச்சேன்னா அது சேற்றில். அதே மாதிரி நாம ஒண்ணு மூணுன்னு தான சொல்றோம், மூணு சுழி ண சத்தம் தெளிவாவே கேக்குது, அதனால பிள்ளை ஒண்று, மூண்று அப்படின்னு எழுதுது. அது கவனமில்லாம எழுதல. நல்லா கேட்டு, கேட்டதுக்கு ஏத்த எழுத்தத் தேடிப் போட்டிருக்கு. அத கிறுக்கல்னு நாம அடிச்சா அந்தப் பிள்ளைக்கு என்ன கத்துக் குடுத்தோம்?

அடுத்தது ழ. நம்ம மதுரைப் பக்கம் வாளப்பளம், மள, கெளவின்னு தான் பேசுறோம், நானும் வீட்ல அப்படித்தான் பேசுவேன், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா எழுத உக்காந்தா மழை மளையாயிடுது. அதனால ஆறாம் வகுப்புல இந்த வருஷம் எழுதுறதுக்கு முன்னாடி வாயால சொல்ல வைக்கிறோம். நாக்கு நுனி மேல்பல் பின்னாடி தொட்டா ல, நாக்க மடிச்சு மேல்வாயத் தொட்டா ள, அதே மாதிரி மடிச்சு ஆனா தொடாம நிறுத்துனா ழ. ஒலி, ஒளி, ஒழி மூணையும் மாத்தி மாத்தி சொல்ல வச்சா பத்து நாள்ல வித்தியாசம் காதுக்குப் பிடிபடுது, அதுக்கப்புறம் கைக்கும் வருது.

ந ன ண தான் ரொம்பக் குழப்பம், அதுலயும் ந வுக்கும் ன வுக்கும் இப்ப நம்ம பேச்சுல சத்தத்துல பெருசா வித்தியாசமே இல்ல. நாம எல்லாம் மூணு சுழி ரெண்டு சுழின்னு தான் படிச்சோம், அது எழுத்தோட உருவத்த மட்டும் தான் சொல்லுது, எந்த இடத்துல எது வரும்னு சொல்லாது. பழைய தமிழாசிரியர்கள் வேற பேர் சொல்லுவாங்க: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். அந்தப் பேர்லயே விஷயம் இருக்கு. ட வுக்கு முன்னாடி ண் வரும், வண்டி நண்டு. ற வுக்கு முன்னாடி ன் வரும், கன்று தென்றல். த வுக்கு முன்னாடி ந் வரும், பந்து சந்தை. அப்ப ஒண்றுன்னு எழுதுற பிள்ளைக்கு, பக்கத்துல ற இருக்கு பாரு, அதோட ஜோடி யாருன்னு கேட்டாப் போதும், அதுவே திருத்திக்கும். சொல்லோட மொதல் எழுத்தா வந்தா ந தான், ன வும் ண வும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. ஆனா நடுவுலயும் ந வர்ற இடம் உண்டு, முந்நூறு, ஐந்நூறு மாதிரி. மனம் மணம், அரம் அறம் மாதிரி ஜோடிகளுக்கு இந்த விதி எதுவும் உதவாது, படிச்சுப் படிச்சு கண்ணுல பதியணும்.

இன்னொரு பிழை பெரியவங்க கிட்டயே இருக்கு, போஸ்டர்லயும் பாக்குறேன், முயற்ச்சி பயிற்ச்சின்னு. ற் க்கும் ட் க்கும் பின்னாடி இன்னொரு புள்ளி வச்ச எழுத்து வராது, முயற்சி, பயிற்சி, காட்சி, கட்சி. ய் ர் ழ் க்குப் பின்னாடி வரலாம், அதான் வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி. இந்த ஒரு விதிய வீட்ல பிள்ளைகிட்டயே கேட்டுப் பாருங்க, எட்டாம் வகுப்புல எல்லாரும் இப்ப சொல்லிடுவாங்க. அதே மாதிரி சுவற்றில் எழுதாதீர்னு சுவர்லயே எழுதி வச்சிருக்காங்க, சுவர்ங்கறதால சுவரில் தான்.

எல்லாத்தையும் பிழைன்னு சொல்லவும் கூடாது. கோயில் கோவில் ரெண்டும் சரி, பவளம் பவழம் ரெண்டும் சரி. வீட்ல தாத்தா பாட்டி லை, னை எழுத்த யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சுப் போடுவாங்க, பிள்ளைங்க அதப் பாத்து தாத்தா தப்பா எழுதுறாருன்னு சொல்லுதுங்க. அது தப்பு இல்லன்னு சொல்லிக் குடுங்க. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தப்ப தான் ணா, றா, னா, லை, னை மாதிரி எழுத்துகளோட வடிவம் மாறுச்சு, அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போனவங்க கத்துக்கிட்டது அது.

இப்ப ஆறு ஏழு படிக்கிற பிள்ளைங்கள்ல நெறைய பேர் கொரோனா நேரத்துல ஒண்ணாவது ரெண்டாவது படிக்க வேண்டியவங்க. 2020 மார்ச்ல மூடுன பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர்ல தான் தெறந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசுல பிள்ளைங்க வகுப்பறையையே பாக்கல, இதுக்கு அவங்க பொறுப்பு இல்ல. அந்த இடைவெளி அடுத்து போன்ல வேற மாதிரி தொடருது. பிள்ளைங்க மெசேஜ் எல்லாம் தங்கிலீஷ்ல தான் அடிக்குதுங்க, அதுல ல வுக்கும் ள வுக்கும் ஒரே எழுத்து, ர ற வுக்கு ஒண்ணு, மூணு ன வுக்கும் ஒண்ணு. எந்த எழுத்துன்னு யோசிக்க வேண்டிய தேவையே வர்றதில்ல, யோசிக்காத எழுத்து மறந்து போகுது. அதனால நீங்க குரூப்ல தமிழ் எழுத்துலயே போடுங்க, பிழை வந்தா பரவால்ல, நான் யாரையும் குரூப்ல திருத்த மாட்டேன்.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங் பத்தியும் கேக்குறீங்க. அது வேற கணக்கு, 26 எழுத்த வச்சு சுமார் 44 சத்தத்த எழுதுறாங்க, அதனால அதுக்குத் தனியா ஒரு கூட்டம் போட்டு பேசலாம்.

ஒரு விஷயம் மட்டும் தள்ளிப்போட முடியாது, அது பேரு. என்னோட மார்க் ஷீட்ல எங்கப்பா பேர்ல ண இருக்க வேண்டிய இடத்துல ன விழுந்துடுச்சு, அப்ப யாரும் பாக்கல, வேலைக்குப் போகும்போது ஒரு ஆபீஸ்ல அத வச்சே மூணு மாசம் அலைய விட்டாங்க. எங்கப்பா வேலைய விட்டுட்டு கூட வந்து வாசல்ல நின்னத நான் மறக்கல. பத்தாம் வகுப்பு பிள்ளைங்களோட பெயர்ப் பட்டியல் அனுப்புறதுக்கு முன்னாடி பிறப்புச் சான்றிதழ், ஆதார், நம்ம பள்ளி எமிஸ் பதிவு (கல்வித் துறையோட கம்ப்யூட்டர்ல இருக்கற மாணவர் விவரம்) மூணுலயும் பிள்ளை பேர், அப்பா பேர், அம்மா பேர், இனிஷியல் எல்லாம் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். வித்தியாசம் இருந்தா உடனே ஆபீஸ் ரூமுக்கு வாங்க, கூட்டமா இருக்குமோன்னு தயங்க வேணாம்.

இனிமே நம்ம பள்ளியில தப்பா எழுதுன சொல்ல அம்பது தடவ எழுத வைக்கிறது கிடையாது. மொத வரியில தப்பா எழுதிட்டு கீழ அதப் பாத்தே நாப்பத்தொம்பது தடவ தப்பா எழுதுன நோட்டு என்கிட்ட இருக்கு, கை வலிச்சது தான் மிச்சம், பிழை இன்னும் ஆழமா பதிஞ்சிடுச்சு. அதுக்குப் பதிலா வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பத்து சொல் மட்டும் சொல்வதை எழுதுதல். தப்புக்கு சிவப்பு வட்டம் போட மாட்டோம், சரியான சொல்ல பக்கத்துல எழுதி, எந்த இடத்துல மாறுச்சுன்னு பிள்ளையவே கண்டுபிடிக்கச் சொல்லுவோம். அடுத்தவன் நோட்டப் பாத்து சிரிக்கிறது இனி எந்த வகுப்புலயும் கூடாதுன்னு ஆசிரியர்கள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

வீட்ல நீங்க செய்ய வேண்டியது தினமும் பத்து நிமிஷம். தமிழ்ப் புத்தகத்துலயோ பேப்பர்லயோ ஒரு பத்திய பிள்ளை வாய்விட்டு, விரல் வச்சு, அச்சுல இருக்கற மாதிரியே படிக்கணும், காத்துன்னு இல்லாம காற்றுன்னு. வாய் சொல்லும்போதே கண்ணு அந்த எழுத்தப் பாக்குது, அதுதான் வேணும். எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர்னு போன கூட்டத்துல ஒரு அம்மா தலைய குனிஞ்சுக்கிட்டு சொன்னாங்க. படிக்கத் தெரியணும்னு இல்லம்மா, அடுப்பு வேலை பாத்துக்கிட்டே காது குடுத்தாப் போதும், நிறுத்தாம படிக்குதான்னு கேளுங்க, தடுக்குன இடத்துல இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க. அம்மா கேக்குறாங்கன்னா பிள்ளை படிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நோட்டு வீட்டுக்கு வரும், திங்கக்கிழமை உங்க கையெழுத்தோட திரும்பி வரணும். கையெழுத்துப் போடாதவங்க பெருவிரல் ரேகை வைங்க, எனக்கு அதுவும் இதுவும் ஒண்ணு தான். அந்தப் பக்கத்த வகுப்புல மத்த பிள்ளைங்க பாக்காத மாதிரி ஆசிரியரே வாங்கி வச்சுப்பாங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்