அன்று ராத்திரி எங்கள் வாசலில் கூடியவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கு,

போன மாதம் ஒரு ராத்திரி என் தம்பி மொட்டை மாடியில் நின்று, தண்ணீர் டேங்குக்குள் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று கத்தினானே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தீர்கள். நீங்கள் பார்க்காதது, அதற்கு முந்தைய நாலு ராத்திரி. அவன் கண்ணே மூடவில்லை, செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று டிவி வயரைப் பிடுங்கிப் போட்டான், நாங்களோ பரீட்சை டென்ஷன் என்று பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

உங்களைச் சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்லிவிடுகிறேன். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டி, "ஒண்ணுமே இல்லடா, வந்து பாரு" என்று ஒரு மணி நேரம் வாதாடினேன். நானும் 'அவர்கள்' ஆள்தான் என்று அவன் முடிவுகட்டியதுதான் மிச்சம். கேமரா இல்லை என்று நிரூபிக்கவும் வேண்டாம், இருக்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம், "பயமா இருக்கா, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றால் போதும் என்பதை அப்புறம் ஆஸ்பத்திரியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன். கேமராவுக்குப் பயந்து கத்துகிறவன் முன்னால் ஏழெட்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தீர்களே, ஏன்?

"கையைக் காலைக் கட்டிப் போடுங்க" என்றார் ஒரு பெரியவர், நல்ல எண்ணத்தில்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தது அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால். 2017 மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. "ஸ்டேஷன்ல ரெண்டு நாள் வச்சா தெளிஞ்சிடும்" என்றார் இன்னொருவர். அதே சட்டத்தின்படி போலீஸ் இப்படிப்பட்டவரை லாக்கப்பில் வைக்கவே முடியாது, 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "அவன் சம்மதிக்காம எந்த டாக்டரும் தொட மாட்டாங்க" என்று அம்மாவை அழவைத்ததும் தப்பு. உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில், நோயாளிக்காகச் சம்மதம் சொல்லக்கூடிய பிரதிநிதி கூட இருந்தால் அந்தப் பிரதிநிதியின் ஒப்புதலோடு, பதிவு பெற்ற எந்த டாக்டரும் அவசர சிகிச்சை தரலாம். 72 மணி நேரம் வரை.

அந்தக் கூட்டத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தது இஸ்திரி வண்டி அக்கா. பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, மேலே போகாமல், சத்தம் போடாமல், "தம்பி, சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார். இருபது நிமிடம் இருக்கும், அவன் இறங்கி வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தான். அந்த அக்காவுக்குச் சட்டமும் தெரியாது, மனநலமும் தெரியாது. ஆனால் காரில் பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது அவர்தான். கார் கொடுத்த மாடி வீட்டு சாருக்கும் நன்றி சொல்லவேண்டும், ஒரு வார்த்தை பேசாமல் சாவியை நீட்டினார்.

இனி ஒரு வீட்டில் இப்படி நடந்தால், நடக்கும், நம் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் மறைத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும், கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் நில்லுங்கள், இன்னொருவர் வண்டி பாருங்கள். என்ன செய்வதென்று புரியாவிட்டால் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிருக்கே ஆபத்து என்றால் 108.

தம்பிக்கு இப்போது தூக்கம் வந்துவிட்டது. மாத்திரையால் கை லேசாக நடுங்குகிறது, கண்ணாடி டம்ளரைப் பிடிக்க வெட்கப்படுகிறான். ஆனாலும் நேற்றிலிருந்து சாயங்காலம் முக்கு டீக்கடைக்கு வருகிறான். அந்த வீடியோ யார் யார் போனில் இருக்கிறதோ, அழித்துவிடுங்கள். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அவனும் உட்காரட்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது வீட்டு அக்கா