லவான்திக்கும் ஒரு எட்டு போய் வா

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை பிரான்சின் லீல் நகரிலிருந்து நவ் ஷப்பெல் இந்திய வீரர் நினைவிடத்துக்குப் போவதாகச் சொன்னாய். வட்டச் சுவர், தாமரை வைத்த தூண், இரண்டு புலிகள், முதல் உலகப் போரில் இறந்து கல்லறைகூடத் தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அதை நிதானமாகப் பார். பிறகு வடக்கே பக்கத்து ஊரான லவான்திக்கும் போய் வா. அங்கே ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ் கல்லறைத் தோட்டத்தில் கேப்டன் விண்டம் ஹால்ஸ்வெல் கிடக்கிறார். 1908 லண்டன் ஒலிம்பிக் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர்.

எங்கே படித்தாலும் 'தனியாக ஓடி ஜெயித்தவர்' என்றுதான் இருக்கும். பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. ஒயிட் சிட்டி மைதானத்தில் ஒரு சுற்று மைலில் மூன்றிலொரு பங்கு, கிட்டத்தட்ட 536 மீட்டர். அதனால் 400 மீட்டருக்கு ஒரு முழுச் சுற்றுகூட வராது. ஆளுக்கொரு தடம் பிரிக்கும் கோடு கிடையாது, எல்லாரும் கரித்தூள் பரப்பிய ஒரே பாதையில். ஜூலை 23 இறுதிப் போட்டியில் நான்கு பேர்: அமெரிக்கர்கள் கார்ப்பென்டர், ராபின்ஸ், டெய்லர், எதிரே பிரிட்டனின் ஹால்ஸ்வெல் ஒருவர். மூவர் சேர்ந்து ஒருவரை மறிப்பார்களோ என்ற சந்தேகத்தில் பாதை நெடுக நடுவர்களை நிறுத்தியிருந்தார்கள்.

கடைசி நேர்ப்பாதையில் இவர் வெளிப்பக்கமாகத் தாண்டப் பார்த்தார். கார்ப்பென்டர் வலது கையை முன்னால் வைத்துக்கொண்டு அவரும் வெளியே வெளியே சரிந்தார். பாதையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று ஹால்ஸ்வெல் பிறகு எழுதினார். நடுவர்கள் கை தூக்கினார்கள், முடிவுக்கோட்டு நாடாவை யாரோ அறுத்தார்கள், 'பந்தயம் செல்லாது' என்றார்கள். அதிகாரிகள் குனிந்து பார்த்தது எதை தெரியுமா? கரித்தூளில் பதிந்த காலடிகளை. சாய்கோடாகப் போன அந்தக் காலடிகள்தான் சாட்சி. இன்றைய ரப்பர் தளத்தில் அந்த வசதி கிடையாது. இன்றைய நடுவர் தவறு நடந்த இடத்தை உடனே ஒட்டுநாடாவால் குறித்துவிட்டு மஞ்சள் கொடியைத் தூக்குகிறார்.

கார்ப்பென்டர் தகுதி நீக்கம். 25-ஆம் தேதி கயிறு கட்டித் தடம் பிரித்து மறுபடி ஓடச் சொன்னார்கள். ராபின்ஸும் டெய்லரும் வர மறுத்தார்கள். ஹால்ஸ்வெல் ஒற்றை ஆளாக 50.0 விநாடியில் ஓடி முடித்தார். அவருடைய உண்மையான ஓட்டம் வேண்டுமென்றால் அரையிறுதியைப் பார்: 48.4, ஒலிம்பிக் சாதனை. தங்கத்தை வைத்து அவரை எடை போடுவது என் கணக்கில் அநியாயம். டெய்லரையும் குறை சொல்லமாட்டேன். அந்த ஒலிம்பிக்கிலேயே தொடரோட்டத்தில் தங்கம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர், டிசம்பரில் டைபாய்டில் போய்விட்டார்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் 400 மீட்டர் அரையிறுதியில் ஜெர்மானியர் ஹான்ஸ் பிரவுனை இடித்த ஒருவர் வெளியேற்றப்பட்டார். இறுதியில் ஆளுக்கொரு தடம் கொடுத்துவிட்டார்கள். பிரவுனுக்கு வெள்ளி. 1918 அக்டோபரில் விமானியாக அவரும் போரில் செத்தார்.

தடம் என்று வந்துவிட்டால் அளவில் பிசகக்கூடாது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தை உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும், மற்றவற்றைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. வெளித்தடத்தின் வளைவு நீளம் கூடுதல், அதை ஈடுகட்ட 400 மீட்டரில் இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார், அதன் பிறகு தடத்துக்குத் தடம் 7.67. இரண்டாம் தடத்துக்கும் 7.67 என்று போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் முதல் தடத்தைத் தவிர எல்லாரும் 63 செ.மீ. குறைவாக ஓடுவார்கள். நேரப் பதிவு முழுக்க வீண்.

ஹால்ஸ்வெல்லின் படைப்பிரிவு ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி முதல் பட்டாலியன், இந்தியப் படையின் லாகூர் டிவிஷனில் சிர்ஹிந்த் பிரிகேடு. கூர்க்காக்களும் சீக்கியர்களும் இருந்த பிரிகேடு அது. நீ பார்க்கப் போகும் அந்தச் சுவர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டவர். 1915 மார்ச் 12-இல் குண்டுச் சிதறல் பட்டும் கட்டுப்போட்டுக்கொண்டு முன்வரிசையிலேயே இருந்தார். 1915 மார்ச் 31, காயம்பட்ட இன்னொரு அதிகாரியைத் தூக்கிவரப் போனபோது மறைந்திருந்து சுடுபவன் ஒருவனின் குண்டு பட்டு இறந்தார். வயது 32. முதலில் நட்டது ஒரு மரச்சிலுவைதான்.

தோட்டத்தின் பெயரில் 'ஐரிஷ்' என்று இருப்பதைப் பார்த்து, இடம் மாறிவிட்டோமோ என்று திரும்பிவிடாதே. வாசல் சுவரில் சின்ன உலோகக் கதவு இருக்கும், உள்ளே பதிவேடு. குடும்பப் பெயரில் தேடு: பிரிவு, வரிசை, கல் எண் மூன்றும் கிடைக்கும். கல் 81 செ.மீ. உயரம், 38 அகலம், எல்லாருக்கும் ஒன்றேதான். எழுத்து தெளிவாக விழ வேண்டுமென்றால் வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது படம் எடு. எழுத்தில் சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதே, கல் அரிக்கும்.

பதிவேட்டை எடுத்த இடத்திலேயே வைத்து, கதவை இறுக்கிச் சாத்து. இல்லையென்றால் மழை உள்ளே போய்த் தாளெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

அப்பா