திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

இவ்வாண்டும் எமது வட்டம் யாழ்ப்பாணத்தில், வாசிகசாலையின் மேல்மாடியில் மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பாசிசத்தையும் இராணுவவாதத்தையும் சாடப் புறப்படும் அங்கதம் அவற்றுக்கே மெருகேற்றிவிடுமா என்ற கேள்வி இரண்டு படங்களால் எழுந்து ஆண்டு முழுவதும் ஓயாதிருந்தமையால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலாவது, 1940இல் வெளிவந்த சார்லி சப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’. சர்வாதிகாரி உலக உருண்டையைப் பலூனாக ஏந்தி ஆடும் காட்சி அழகானதுதான். ஆனால் பலூன் அவன் கையிலேயே வெடிக்கிறது, யூதக் குடியிருப்பின் சவரத் தொழிலாளியும் நம் கண்ணை விட்டு மறைவதில்லை. வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்கவே முடியாதென்று சப்ளின் பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதியதை மூத்த அங்கத்தவர் ஒருவர் நினைவூட்டினார்.

இரண்டாவது, வேற்றுக்கிரகப் பூச்சிகளோடு சீருடைப் படையினர் போரிடுவதைக் காட்டும், போல் வெர்ஹோவன் 1997இல் இயக்கிய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’. ஜேர்மனியர் ஆக்கிரமித்த நெதர்லாந்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த அவர், நாஸிப் பிரசாரப் படங்களின் சாயலை வேண்டுமென்றே எடுத்தாண்டார். ஆயினும் சில விமர்சகர்கள் அதைப் பாசிசத்தைப் போற்றும் படமென்றே அன்று எழுதினர். இறுதியில், பிடிபட்ட பூச்சி பயப்படுகிறதென்று அறிவிக்கப்பட்டதும் படையினர் ஆர்ப்பரிக்கின்றனர். அப்போது எங்கள் பின்வரிசையில் உயர்தர மாணவர் இருவரும் கைதட்டினர். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் திரும்பி அவர்களை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பிமார், எதுக்குக் கைதட்டினனீங்கள்?” என்று கேட்டேன்.

“வெண்டிட்டினம்தானே, ஐயா.”

அவர்களை நான் குறைகூறமாட்டேன். காவலரணில் சைக்கிளை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறைக்கு அந்தச் சீருடையின் பளபளப்பே எச்சரிக்கையாகப்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பின் நினைவு தெரிந்த பிள்ளைகளுக்கு அது வெறும் பளபளப்பாகவே நின்றது. சப்ளின் தந்த சவரத் தொழிலாளியைப் போல, அடிபடுபவரின் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு முகத்தையேனும் வெர்ஹோவன் தரவில்லை என்பதே என் முறைப்பாடு. எதிரிக்கு முகமில்லாமற் செய்வதுதான் பிரசாரத்தின் வழி, அதையே அவர் காட்டினார் என்று நிர்வாகசபையில் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தின் வலுவை ஏற்கிறேன், ஆனால் அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ‘சிரித்திரன்’ நகைச்சுவைச் சஞ்சிகையைப் படித்து வளர்ந்த எனக்குச் சிரிப்பைச் சந்தேகிக்க மனமில்லை. வலியவனின் மிடுக்கைக் கலைக்காமல் அப்படியே பிரதிபலிக்கும் சிரிப்பையே அஞ்சுகிறேன்.

வரும் ஆண்டில் அப்படத்தை மீண்டும் திரையிடுவதென்றும், முடிந்ததும் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரமாவது கலந்துரையாடுவதென்றும் சபை தீர்மானித்துள்ளது. கலந்துரையாடலைத் தொடக்கிவைக்க அவ்விரு மாணவரும் சம்மதித்துள்ளனர்.

செயலாளர்