கயிறு வாங்கியவர்களுக்கும் பலகை அடித்தவர்களுக்கும்: பாய்மரக் கப்பல் விழாக் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆற்றங்கரைப் பாய்மரக் கப்பல் விழா நல்லபடியாக முடிந்தது. கடைசிக் கப்பலும் வற்றுநீரோடு இறங்கிக் கடலைச் சேர்ந்துவிட்டது. மாலுமிகளுக்கும் ஆடியவர்களுக்கும் வேண்டிய கைதட்டல் அங்கேயே கிடைத்தது. மேடைப் பக்கமே வராமல் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில், கப்பல்களுக்கு ஆற்றில் வழிகாட்டிக் கொண்டுவந்த ஆற்று பைலட்டுகளுக்கு. கடல் ஓதத்தால் நீர் ஏறி இறங்கும் ஆற்றில் உயரமான கப்பலைக் கொண்டுவரும்போது அடியில் மணல்திட்டு, தலைக்கு மேல் பாலம். நீர் ஏறினால் அடியில் இடம் கிடைக்கும், பாலத்தடியில் குறையும். வற்றினால் நேர்மாறு. இரண்டுக்கும் பொருந்துகிற நேரம் சில கப்பல்களுக்கு அரைமணிகூட இல்லை. போதாக்குறைக்கு, கடல்நீர் கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, நன்னீர் 1000 கிலோ. கடலில் 4 மீட்டர் அமிழ்ந்து மிதக்கும் கப்பல் நன்னீருக்குள் வந்ததும் ஏழெட்டு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால், அடியில் பாயும் நீரின் அழுத்தம் குறைந்து இன்னும் கீழே உட்காரும். வேகத்தைப் பாதியாக்கினால் அந்த அமிழ்வு ஏறக்குறையக் கால்பங்காகிவிடும். நீங்கள் அவ்வளவு மெதுவாக வந்ததற்குக் காரணம் இதுதான் என்று, கரையில் பொறுமையிழந்து நின்றவர்களுக்கு இங்கே சொல்லிவைக்கிறோம்.

பாய்மரத்தின் உயரத்தை வரைபடத்தில் பார்த்துச் சொல்லாமல், உச்சியில் பொருத்திய வானொலிக் கம்பியையும் காற்றுமானியையும் சேர்த்து அளந்து தரச் சொன்னீர்களே, அது பெரிய உதவி. கப்பல் கட்டிய காலத்து வரைபடத்தில் அவை இருக்காது. பாலத்தில் முதலில் இடிபடுவது அவைதான். கரை சேர்க்கும்போது நீரோட்டத்தை எதிர்த்து அணியத்தை, அதாவது கப்பலின் முன்பக்கத்தை, வைத்ததும் நல்ல முடிவு. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றாலும் சுக்கானில் நீர் பாய்ந்துகொண்டிருக்கும், அதனால் சுக்கான் சொன்னபடி கேட்கும். நீரோட்டத்தோடு கூடவே வந்தால் கப்பலும் நீரும் ஒரே வேகத்தில் நகரும், சுக்கானைத் திருப்பியும் பலனிருக்காது. இழுவைப் படகுக்காரர்களுக்கும் இதே பத்தியில் எங்கள் நன்றி.

கப்பலிலிருந்து வரும் கயிற்றைக் கரையில் நின்று கைநீட்டி வாங்கிக் கட்டியவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். முன்கயிறு, பின்கயிறு, கப்பலைக் கரையோடு அணைக்கும் குறுக்குக் கயிறுகள், முன்னும் பின்னும் நகரவிடாத ஸ்பிரிங் கயிறுகள் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்டு உண்டு. கட்டியதோடு வேலை முடிந்தது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நீர் ஏறியிருக்கும்போது கரையின் மட்டத்தில் 3 மீட்டர் நீளத்துக்குக் கட்டிய குறுக்குக் கயிறு, நீர்மட்டம் 4 மீட்டர் இறங்கினால் 5 மீட்டராக வேண்டும். விட்டுக் கொடுக்க ஆளில்லை என்றால் கப்பல் கயிற்றில் தொங்கும், இல்லையேல் கயிறு அறும். அதே இறக்கத்துக்கு 30 மீட்டர் ஸ்பிரிங் கயிற்றுக்கு 30 சென்டிமீட்டர் கூடுதல் இருந்தாலே போதும். அதனால்தான் எவ்வளவு நீளமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நீளமாகக் கட்டினீர்கள். குறுக்குக் கயிறுகளை இரவெல்லாம் கப்பல் காவலர்களோடு சேர்ந்து விட்டும் இழுத்தும் கொடுத்தீர்கள்.

கரையில் கயிறு மாட்டும் குற்றிகள் போதவில்லை. இரண்டு கப்பல்களின் கயிறுகள் ஒரே இரும்புக் குற்றியில் விழவேண்டி வந்தது. இரண்டாவது கயிற்றின் கண்ணியை முதல் கண்ணிக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு குற்றியில் மாட்டினால் எந்தக் கப்பல் முதலில் புறப்பட்டாலும் மற்றதன் கயிற்றைத் தொடாமலே தன்னுடையதைக் கழற்றலாம். சும்மா மேலே மாட்டிவிட்டால் அடியில் உள்ளவர் மாட்டிக்கொள்வார். புறப்பாட்டு நாளில் ஓரிடத்தில்கூட இழுபறி இல்லாமல் போனது இந்த ஒரு சின்னக் கைவேலையால்தான்.

நைலான் கயிறு இழுபட்டு நீளும். அறுந்தால் தேக்கிவைத்த விசை முழுவதும் திரும்பி அடிக்கும், காலை முறிக்கும், ஆளையே கொல்லும். கயிறு இறுகும் நேரத்தில் அதன் நேர்கோட்டில் யாரையும் நிற்கவிடாமல் விரட்டியவர்களைச் சிலர் கடுமையானவர்கள் என்றார்கள். அந்தக் கடுமைக்கு நன்றி. கப்பலிலிருந்து கரைக்கு முதலில் வீசும் மெல்லிய எறிகயிற்றின் நுனிக் குண்டுக்குள் இரும்பு நட்டைத் திணித்திருந்ததைக் கண்டு, அறுத்துப் போட்டுவிட்டுச் சிறு மணல்பை கட்டிக்கொடுத்தவருக்குத் தனி நன்றி. நட்டு வைத்தால் தூரம் போகும் என்பது உண்மைதான். கீழே நிற்பவர் மண்டையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் உண்மை.

பாயைத் தாங்கும் குறுக்கு மரங்களான பருமல்கள் கப்பலின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் நீளும். நேராக விட்டால் கரைமேல் வந்து நிற்கும், நீர் இறங்கும்போது விளக்குக் கம்பத்தில் உட்காரும். பருமல்களைச் சாய்வாகத் திருப்பிக் கட்டிய கப்பல்காரர்களுக்கும், திருப்பியும் இடம் போதாத இடங்களில் கம்பங்களையே கழற்றித் தந்த மின்பணியாளர்களுக்கும் நன்றி.

பருமல்மேல் வரிசையாக நின்று வணக்கம் சொன்ன இளைஞர்களைப் படமெடுக்காதவர் இல்லை. இன்று 'டால் ஷிப்ஸ் ரேசஸ்' எனப்படும் பாய்மரக் கப்பல் பந்தயங்கள் 1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு ஓடித் தொடங்கியவை. இன்றைக்கும் அப்பந்தயங்களில் கப்பலில் இருப்பவர்களில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வயதில் கயிற்றேணியில் ஏற ஆசை வரும், கொக்கியை மாட்ட மறதியும் வரும். ஒவ்வொருவருடைய இடுப்புவாரையும் இழுத்துப் பார்த்து, சட்டைப்பையில் இருந்த போனையும் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் மேலே அனுப்பினீர்கள். 30 மீட்டரிலிருந்து தவறும் ஓர் இரும்பு வளையம் தரையைத் தொடும்போது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். மரத்தடியில் கயிறு கட்டி ஆளை விலக்கி நின்ற தொண்டர்கள் ஒரு படத்திலும் இல்லை.

கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் ஏறுபாலங்களில் நின்றவர்களுக்கு வருவோம். ஆற்றில் ஏதாவது நடந்தால் கூட்டம் முழுவதும் ஒரே பக்கக் கைப்பிடிக்கு ஓடும். ஆளுக்கு 70 கிலோ என்றால் 200 பேர் 14 டன். அவ்வளவு எடை ஒரு பக்கம் குவிந்தால் கப்பல் சாயும், ஏறுபாலத்தின் சக்கரம் தடத்தை விட்டு நகரும். அதனால் கப்பல் தலைவர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் விடாமல், கையில் எண்ணும் கருவியோடு நின்று திட்டு வாங்கினீர்கள். குதிகால் உயர்ந்த செருப்புகளைக் கழற்றச் சொன்னதற்கும் திட்டு கிடைத்தது. மென்மரத் தளத்தில் கூர்ங்குதிகால் பள்ளம் போடும். பலகை இடுக்கில் அடைத்த தார் வெயிலில் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வேறு போகும்.

நடனக் குழுக்களைவிட நடன மேடை போட்ட தச்சர்களுக்குத்தான் எங்கள் கடன் அதிகம். ஆடியவர்கள் கோபிக்கமாட்டார்கள், அவர்களே சொன்னது இது. மழைநீர் வடிய வேண்டுமென்று கரையின் கல்தளத்தை ஆற்றுப்பக்கம் சரித்துத்தான் கட்டியிருப்பார்கள். அதன்மேல் நேரடியாகப் பலகை போட்டால் சரிவும் இருக்கும், கல்லின் விறைப்பும் இருக்கும். ஹார்ன்பைப் போன்ற மாலுமி நடனத்தில் கயிறு இழுப்பதும் மரமேறுவதும் தூரத்தைப் பார்ப்பதும் அடவுகளாகவே வரும், பாதி நேரம் கால் தரையில் இருக்காது. கல்தளத்தில் அப்படிக் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் போய்விடும். ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, சட்டங்களுக்கு அடியில் ரப்பர் மெத்தைத் துண்டுகள் வைத்து, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இரண்டு அடுக்காக, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பின்மேல் வராதபடி மாற்றிப் போட்டீர்கள். இணைப்புகள் ஒரே கோட்டில் விழுந்திருந்தால் அந்தக் கோட்டில்தான் பலகை எழும்பிக் கால் இடறும். சாயங்காலம் பனி இறங்கும்போதெல்லாம் துடைத்தது யார் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. மாறி மாறித் துடைத்திருக்கிறீர்கள்.

ஒலியமைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றைப் பார்த்துப் பெரிய ஸ்பீக்கர் வைத்தால், 170 மீட்டர் அகல ஆற்றில் எதிர்க்கரைச் சுவரில் பட்டு ஒலி திரும்ப ஒரு வினாடி ஆகும். ஆடுபவர் காதில் தாளம் இரண்டாக விழும். சின்ன ஸ்பீக்கர்களைப் பல இடங்களில் தாழ்வாக, கூட்டத்தைப் பார்த்து வைத்ததால் பிழைத்தோம். கப்பல் பாட்டுக் குழுவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. நம் கடற்கரைகளில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் போல, ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லோரும் சேர்ந்து இழுக்கும் பாட்டுக்கு மைக் எதற்கு?

கயிறு திரிக்கும் கூடத்தில் 30 மீட்டர் இழையிலிருந்து 20 மீட்டர் கயிறுதான் வரும், மீதி முறுக்கில் போய்விடும். இதைப் பிள்ளைகள் கையாலேயே சுழற்றிக் கண்டுபிடிக்கும்படி விட்ட கைவினைஞர்களுக்கு நன்றி. குடிநீர், மின்சாரம், கழிவுநீர் வண்டி, முதலுதவி, அலை எழுப்பாமல் சுற்றிய காவல் படகுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒழுங்காக நடந்ததால் சொல்ல அதிகமில்லை.

வாணவேடிக்கை இல்லையே என்று வருந்தியவர்கள் உண்டு. மடித்த பாய்க்குள் விழும் ஒரு பொறி வெளியே தெரியாமல் மணிக்கணக்காகக் கனலும். அதைக் காட்டி வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன தீயணைப்பு வீரர்களோடு நாங்கள் முழுக்க உடன்படுகிறோம்.

இரவல் வாங்கிய மிதவைத் தாங்கிகளும் ஆப்புக்கட்டைகளும் மேடைக் கிடங்கில் பெயரெழுதிக் கட்டிவைக்கப்பட்டுள்ளன. நீலப் பெயின்ட் அடித்த இரண்டு ஏறுபாலச் சக்கரங்களுக்கு மட்டும் இன்னும் உரியவர் வரவில்லை. தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர்